குருவிக்குப் போட்ட பந்தி

ஈச்சங்குழியில் ஒன்பது வீடுகள். அதில் எட்டு சாத்திக் கிடந்தன. பூட்டுப் போட்டுப் போனவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் கதவுக்குக் குறுக்கே முள்ளை இழுத்துப் போட்டதோடு சரி. திருடுவதற்கும் ஓர் ஆள் வேண்டுமே! மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தால் வருகிற பள்ளம் அது. வாரம் ஒரு தரம் சந்தை நாளில் அந்த மூன்று மைலையும் ஏறிப்போய், உப்பும் தீப்பெட்டியும் வாங்கி, தபால் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வருகிற ஒரே ஆள் அண்ணாமலை.

வயது நாற்பத்தொன்பது. கொட்டகையில் இரண்டு மாடு. சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கி எட்டாவது வரைக்கும் படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எதையும் ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய குணம். அந்தக் குணமே அவருக்கு வினையாகவும் வந்தது. அந்தக் கதைதான் இது.

அவர் மனைவி கண்ணாயியும் மகள் கோகிலாவும் கீழே நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முட்டை பொறுக்கி அடுக்குகிற வேலை. தங்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். கண்ணாயியின் தம்பி தேவராஜ் சேர்த்துவிட்டது. அவன் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் பெயின்டர். கண்ணாயியும் தேவராஜும் இதே ஈச்சங்குழியில், மேலண்டை வீட்டில் பிறந்தவர்கள். எதிர் வரிசை அண்ணாமலைக்குத்தான் கண்ணாயியைக் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் அவளுக்குப் பொறந்த ஊடும் புகுந்த ஊடும் கூப்பிடுகிற தூரம்தான்.

2001-ஆம் வருஷம் சித்திரையில் அவள் இரண்டு நாள் லீவில் வந்துவிட்டுத் திரும்பினாள். சோளக்காட்டில் பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டாள்:

“ஏனுங்க, போன வருஷமாட்டவே இந்த வருஷமும் குருவிக்கு வெச்சுப்போட்டு ஒக்காந்திருப்பீங்களா?”

“வெக்க மாட்டேன்.”

“விதைக்குக்கூடத் தேறலைன்னா?”

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கினார்.

“விதைக்குக்கூடத் தேறலைன்னா ஊட்டைச் சாத்திப்போட்டு கீழ வந்தரோணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஏறோணும்.”

“சரி.”

அவள் படியில் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். “விதை வந்துருச்சுன்னா அப்புறம் நான் வாயத் தொறக்கல. இருந்துக்குங்க.”

பஸ் போய்விட்டது. பேச்சு முடிந்துவிட்டது. விதை வந்தால் இருப்பது, வராவிட்டால் போவது. இதில் பேச இன்னும் என்ன இருக்கிறது?

விதை என்று அவர்கள் பேசியது கரும்பெருஞ்சாமை விதையை. ஐந்து மாதப் பயிர், ஆள் இடுப்பு உயரம் வளரும், கதிர் கருத்து வளைந்து நிற்கும். ஒரு காலத்தில் ஈச்சங்குழியின் ஒன்பது கொல்லையிலும், அதாவது ஒன்பது வீட்டு மேட்டுக்காட்டிலும், அதுதான். இப்போது அண்ணாமலை வீட்டுக் கூடையில் மூன்று வள்ளம் இருந்தது; வள்ளம் என்றால் நாலு படி. அவருக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை. சுற்றியிருந்த ஊர்களில் எல்லாரும் மரவள்ளிக்கு மாறி, விலை விழுந்ததும் மரவள்ளியையும் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள்.

போன வருஷம் அவர் விளைவித்ததைக் குருவிதான் தின்றது. சில்லைக்குருவி கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒன்றைப் பார்த்தால் பாவம் என்று தோன்றும். ஆயிரம் சேர்ந்து இறங்கினால் பயிர் தரையோடு படுத்துவிடும். பரண் மேல் நின்று தகரத்தைத் தட்டினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கியது. மூன்று வள்ளம் மிஞ்சியதே அதிசயம்.

முன்னாலும் குருவி இருந்ததுதான். ஆனால் முன்னால் ஊரே ஒரே நாளில் விதைத்தது. ஊர்க்கவுண்டர் நாள் சொல்வதற்கு முன்னால் ஒருத்தரும் விதையைக் கையில் எடுக்கமாட்டார்கள். ஒரே நாளில் விதைத்ததால் ஒரே நாளில் முற்றியது. ஒன்பது கொல்லையும் ஒன்றாகக் கருத்து நிற்கும்போது குருவிக் கூட்டம் எதில் இறங்குவது என்று தெரியாமல் பிரிந்து பிரிந்து தின்னும். ஆளுக்கு ஒரு மூலை போகும், அவ்வளவுதான். கட்டிக்கொடுத்த பெண்கள் அறுப்பு நாளுக்கு வந்து, அண்ணன் தம்பியைக் கேட்காமலே, பொறந்த ஊட்டுக் கொல்லையில் ஒரு முறம் நிறையக் கதிரறுத்துப் போவார்கள். அதையும் யாரும் கணக்கில் வைத்ததில்லை. இப்போது எட்டுக் கொல்லை தரிசு, ஒரு கொல்லை பயிர். எட்டுக் கொல்லைக் குருவிக்கும் இலை போட வேண்டியவர் அண்ணாமலை ஒருவரே.

தரிசு என்று சொல்வதும் சரியில்லை. ஆள் போன கொல்லை என்ன ஆகும் என்பதை அவர் வருஷம் வருஷமாகப் பார்த்திருக்கிறார். முதல் வருஷம் அழகாக இருக்கும். தும்பை பூக்கும், தேனீ வரும், உழுத மண்ணில் இருந்ததைவிடக் காடையும் கவுதாரியும் கூடுதலாகவே தெரியும். மலை ஏறி வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “மனுசன் கைய எடுத்தா காடு தானா வந்துரும் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாமலையும் காத்திருந்து பார்த்தார். இரண்டாம் வருஷம் புல் வந்தது, நெஞ்சு உயரம். மூன்றாம் வருஷம் உண்ணிச்செடி வந்தது. அதற்குப் பிறகு வேறொன்றும் வரவில்லை. ஒரு பலாக்கன்று, ஒரு நாவல், ஒன்றுகூட அந்த முள்ளைத் தாண்டித் தலை நீட்டவில்லை. கீழே குனிந்து பார்த்தால் வெறும் மண், இருட்டு, பன்றி படுத்த தடம்.

ஓட வெட்டவெளி இல்லாததால் காடை போயிற்று. மேலே எழும்பி எழும்பிப் பாடுகிற வானம்பாடி எங்கே போயிற்றென்று தெரியாது. பள்ளத்தில் வயல் வரப்பு உடைந்து, கட்டுவதற்கு ஆளில்லாமல், தண்ணீர் ஒரே வாய்க்காலாக அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. நிற்கிற தண்ணீர் இல்லாததால் நண்டு இல்லை, தவளை இல்லை. ஓர் ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னவோ குறைகிறதே என்று வெகுநேரம் யோசித்தார். தவளை கத்தவில்லை. அதைச் சொல்லக் கண்ணாயியைக் கூப்பிட வாய் எடுத்தபிறகுதான் அவளும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அதனால் இந்த வருஷம் ஒரு யோசனை செய்தார். ஊர் விதைக்காவிட்டால் என்ன? ஊர் விதைத்த மாதிரி செய்துவிட்டால்? எட்டுப் பேர் கொல்லையிலும் ஒவ்வொரு வாசல் அகலத்துக்கு, அதாவது ஒரு வீட்டு முற்றத்தளவு, உண்ணியை வெட்டிக் கொத்தி, ஒரே நாளில் சாமை தூவிவிட்டால் குருவி பழையபடி பிரியும். மூன்று வள்ளத்தில் இரண்டு தன் கொல்லைக்கு, ஒன்று மற்ற எட்டுக்கு. கூடை காலியாகிவிடும். பரவாயில்லை. காலியாக்காவிட்டாலும் காலிதான்.

ஆனால் அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கொத்துப் போடுவதா? எட்டு கார்டு வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் மேலே எண் போட்டார். மூன்றாம் எண் கார்டு இது:

“அன்புள்ள மைத்துனர் தேவராஜுக்கு அண்ணாமலை எழுதிக்கொண்டது. நான் நலம். உங்கள் நலமறிய அவா. விஷயம் யாதெனில், வரும் வைகாசியில் உங்கள் கொல்லையில் பலா மரத்தின் ஓரமாக ஒரு வாசல் அகலம் சுத்தம் செய்து கரும்பெருஞ்சாமை தூவ உத்தேசம். குருவிகள் ஒரே இடத்தில் கூடாமல் பிரியும்பொருட்டு. நிலம் உங்களுடையதே. மாத்துப் பேச்சு இருந்தால் எழுதவும். பதில் போடவும்.”

ஒரு வாரம் பார்த்தார். ஒருவரும் எழுதவில்லை. மறுபடி எட்டு கார்டு. அதற்கும் இல்லை. மூன்றாம் முறையும் எட்டு.

மூன்று முறை என்பதற்குக் காரணம் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் ஒரு காரியம் வந்தால் ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று, “மாத்துப் பேச்சு உண்டா?” என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாம் தரமும் ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அது ஊர்ச் சம்மதம். பிறகு ஒருவரும் மாறிப் பேச முடியாது. அண்ணாமலை மூன்று தரம் கேட்டுவிட்டார். வாய் திறந்தவர் இல்லை.

ஒரே ஒரு கார்டு மட்டும் மூன்று முறையும் திரும்பி வந்தது. சுப்பண்ணனுக்குப் போட்டது. விலாசத்தில் ஆள் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சுப்பண்ணனின் கொல்லை அண்ணாமலை கொல்லைக்கு ஒட்டினாற்போல மேற்கே இருந்தது. நடுவில் ஒரு கல்கட்டு மட்டும்தான். முதலில் வெட்ட வேண்டியது அந்த உண்ணியைத்தான். ஆனால் கேள்வியே போய்ச் சேராத ஆளிடம் சம்மதம் வாங்கியதாக எப்படி எடுத்துக்கொள்வது? அதை விட்டுவிட்டார். ஆக, ஏழு.

ஏழு கொல்லையில் ஏழு வாசல் அகலம் உண்ணி வெட்டுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. கையெல்லாம் முள் கீறி, உப்புப் பட்டால் எரிந்தது. வைகாசி பதினேழாம் தேதி விடியற்காலையில் தன் கொல்லையில் தொடங்கி, மேலண்டையில் பலா மரத்தடி வரைக்கும் நடந்து நடந்து ஒரே நாளில் தூவி முடித்தார். எப்போதும் ஊர்க்கவுண்டர்தான் நாள் சொல்வார். இந்த வருஷம் அண்ணாமலை தானே சொல்லித் தானே கேட்டுக்கொண்டார்.

மழை பெய்து பத்தாம் நாள் ஒன்றைப் பார்த்தார். வெட்டிக் கொத்திய இடத்திலெல்லாம் சாமைக்கு நடுவே பண்ணைக்கீரை முளைத்திருந்தது. யாரும் விதைக்காத கீரை. கொத்திய மண்ணில் மட்டும் வரும். உண்ணிக்கு அடியில் நான்கு வருஷம் கண்ணை மூடிப் படுத்துக் கிடந்திருக்கிறது. பறித்து வந்து கடைந்தார். ஆனியில் ஒரு நாள் காலை, மேலண்டைப் பக்கம் பலா மரத்தடியில் காடை கூப்பிட்டது. கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். மறுபடி கூப்பிட்டது. சரி, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு களையெடுக்கக் குனிந்தார். அந்த வாரம் கண்ணாயிக்குப் போட்ட கார்டில் மூன்றாவது வரியாக அதையும் எழுதினார்.

ஆவணியில் தேவராஜ் வந்தான்.

லாரிக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட் நகக்கண்ணில் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் நேரே தன் கொல்லைக்குப் போய் பலா மரத்தடியில் முழங்கால் உயரம் நின்ற சாமையைப் பார்த்தான். மற்ற ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றினான். அப்புறம்தான் வாசலுக்கு வந்தான்.

“என்னுங்க மாமா, ஊரையே வளைச்சுப் போட்டுட்டீங்களா?”

“தண்ணி குடி மொதல்ல.”

“தண்ணி கெடக்குது. யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“எல்லாத்தையும் கேட்டேனே. மூணு தரம்.”

தேவராஜ் பிளாஸ்டிக் பையைத் திண்ணையில் கவிழ்த்தான். கார்டுகள் விழுந்தன. எல்லாம் அண்ணாமலையின் முத்தெழுத்து. ஏழு பேருக்குப் போட்டது, மும்மூன்று, ஒன்று குறையவில்லை.

“எல்லாரும் எங்கிட்டத்தான் கொண்டாந்தாங்க. படிச்சுச் சொல்லுன்னாங்க. சொன்னேன்.”

“சொன்னியா? அப்ப ஒருத்தராச்சும் வேண்டாம்னு எழுதியிருக்கலாமே சாமி.”

“எப்படிங்க எழுதறது?” தேவராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டான். “நம்ம கீழண்டை ஊட்டு அத்தாயிக்காதான் சொன்னா. போடுன்னு எழுதினா நாம இனி அங்க போகப்போறதில்லைன்னு ஆயிரும். வேண்டாம்னு எழுதினா நாமளே போயி விதைக்கோணும். அதுக்கு எழுதாமயே இருந்தரலாம்னா. எல்லாருக்கும் அதான் சரியாப் பட்டுது.”

அண்ணாமலை கார்டுகளைப் பொறுக்கி எண் வரிசைப்படி அடுக்கினார். ஊர்க்கூட்டத்தில் சும்மா இருக்கிறவன் எதிரே உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்க்கலாம். கார்டுக்கு முகம் ஏது? இது அவருக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் தோன்றியிருக்க வேண்டும்.

“இப்ப என்ன செய்யோணும்?”

“புடுங்கிப்போடுங்க. கோவிச்சுக்காதீங்க மாமா. அடுத்த மாசம் வி.ஏ.ஓ. வந்து அடங்கல் எழுதுவாராம். பயிர் நிக்கிற நிலத்துல யாரு சாகுபடின்னு கேப்பாரு. உங்க பேரை எழுதிட்டுப் போயிட்டா? நாளைக்கு எங்க புள்ளைங்க வந்து நின்னா?”

“உங்க புள்ளைங்க வருமா?”

“வருதோ வரலையோ. நெலம்னு ஒண்ணு இருக்கோணுமில்ல?”

அண்ணாமலை எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு நடந்தார். உண்மையாகவே பிடுங்கத்தான் போனார். பலா மரத்தடி வரைக்கும் போனபிறகு நின்று, “தேவராசு, இதைப் புடுங்கினா அத்தனை குருவியும் எங்கொல்லைல வந்து உழுகும். விதை போயிரும். விதை போச்சுன்னா நானும் கீழ வந்தரோணும், உங்கக்காளுக்குச் சொல்லியிருக்கறேன்” என்றார்.

“அப்ப இது குருவிக்குத்தானா? மெய்யாலுமே?”

“கார்டுல எழுதியிருந்தனே.”

“நாங்க அதை நம்பலைங்க.” தேவராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏழு எடத்துல பந்தி போட்டு வா வான்னு கூப்பிட்டிருக்கறீங்க. கல்யாணத்துக்குக்கூட எங்களுக்கு இப்படிப் போட்டதில்லை.”

“உனக்கும் போடறேன் வா. பண்ணைக்கீரை இருக்குது.”

சாப்பிட்டார்கள். தேவராஜ் இரண்டாம் தரம் கீரை வாங்கினான். இது எங்கே கிடைத்தது என்று கேட்டான். உன் கொல்லையில்தான் என்றார் அண்ணாமலை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு வழி பேசி முடிவு செய்தார்கள். அண்ணாமலை ஏழு காகிதத்தில் எழுதினார்: “கீழ்க்கண்ட கொல்லையில் உள்ள சாமைப் பயிர் குருவிகளுக்காகத் தூவப்பட்டது. நிலத்திலோ விளைச்சலிலோ எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. மேற்படி பயிரில் அரிவாள் வைக்கமாட்டேன்.” கீழே கையெழுத்து, தேதி.

“கடைசி வரி வேணுமா?” என்று அவரே கேட்டார்.

“அதுதாங்க வேணும். அறுத்தாத்தானே சாகுபடி? அறுக்காதவன் பேரை எவன் எழுதுவான்?”

அது நியாயமாகவே இருந்தது. தேவராஜ் ஏழையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஏறிப்போனான்.

புரட்டாசியில் கதிர் பால் பிடித்தது. குருவி வந்தது. அண்ணாமலை பரண் மேல் நின்று பார்த்தார். கூட்டம் மேலண்டையிலிருந்து எழும்பி வந்து, வழியில் ஒரு துண்டைப் பார்த்து அதில் பாதி இறங்கியது. மீதி இன்னொரு துண்டுக்குப் போனது. அவர் கொல்லைக்கு வந்து சேர்ந்தது நூறோ இருநூறோதான். அதற்குத் தகரம் ஒன்றே போதும். தட்டினார், போய்விட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. பரண் மேல் தனியாக நின்று சத்தமாகவே சிரித்துவிட்டார். சிரித்த சத்தம் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்ததைக் கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

கதிர் கருத்தது. இன்னும் எட்டு நாளில் அறுக்கலாம் என்று இருக்கும்போது மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை, கூடவே பனிமூட்டம். கையை நீட்டினால் விரல் தெரியாது. பரணில் நின்றும் பயனில்லை. பனிக்குள்ளே தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். குருவி மழையில் வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பன்றிக்கு மழை என்ன, பகல் என்ன?

மூன்றாம் நாள் மத்தியானம் மூட்டம் கொஞ்சம் விலகியபோது பார்த்தார். சுப்பண்ணன் கொல்லை ஓரத்துக் கல்கட்டு சரிந்து கிடந்தது. அந்த உண்ணிப் புதருக்குள்ளிருந்து பன்றிகள் வந்திருந்தன. அவர் கை வைக்காமல் விட்ட ஒரே புதர் அது. கொல்லை முழுக்கக் கிளறிப் புரண்டு உருண்டிருந்தன. நின்ற தாள் ஒன்றுமில்லை. விழுந்த கதிர்களைச் சேற்றிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஈரத்தில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. வாய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது.

வரப்பில் உட்கார்ந்தார். பன்றியைத் திட்டி என்ன செய்ய? அது படுத்த இடம் சுப்பண்ணனுடையது. சுப்பண்ணன் எங்கே படுக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

மழை விட்டதும் ஏழு துண்டையும் போய்ப் பார்த்தார். ஆறில் வெறும் தாள்தான் நின்றது. குருவி மிச்சம் வைக்கவில்லை. அதற்குத்தானே போட்டது! மேலண்டையில் மட்டும், பலா மரத்து நிழல் பட்டுப் பத்து நாள் பிந்தியதால், கதிர் இப்போதுதான் கருத்துக்கொண்டு வந்தது. பாதியாவது மணி இருந்தது. இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும். ஒரு வாரம் விட்டால் குருவி முடித்துவிடும்.

அரிவாள் இடுப்பில்தான் இருந்தது. அண்ணாமலை வெகுநேரம் நின்றார். பார்க்க ஒருவர் இல்லை. அறுத்தாலும் கேட்க ஒருவர் இல்லை. கைப்பிடி கதிர் போதும், விதை பிழைத்துவிடும். ஆனால் அரிவாள் வைக்கமாட்டேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டவர் அவர். இல்லாத ஊருக்கு இவ்வளவு பயப்படுவானேன் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. கேட்கவும் ஆளில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து கண்ணாயிக்குக் கார்டு எழுதினார்:

“பன்றி வந்துவிட்டது. கொல்லை முழுக்கச் சேதம். விதைக்குத் தேறவில்லை. சொன்ன வாக்குப்படி வாரேன். மாடு இரண்டையும் தேவனூரில் தெரிந்தவர் வீட்டில் விடப்போகிறேன்.”

அன்றைக்கே நடந்துபோய் அதைப் போட்டுவிட்டு வந்து மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

கார்டு சீக்கிரமே சேர்ந்துவிட்டது. நான்காம் நாள் காலையில் கண்ணாயியே வந்து நின்றாள். ஒயர் கூடையில் இரண்டு டஜன் முட்டை. உடுப்பில் கோழிப்பண்ணை வாசம்.

“தனியா எப்படிச் சாமானெல்லாம் எடுப்பீங்கன்னு வந்தேன். ஒரு நாள்தான் லீவு. நாலு மணி பஸ்ஸுக்குப் போயறோணும்.”

“அங்க எடம் இருக்குதா, இதெல்லாம் வெக்க?”

“இருக்கற எடத்துல வெச்சுக்கலாம். பத்தாயிரம் கோழி இருக்குதுங்க, நீங்க ஒருத்தரு இருக்க எடமில்லாமப் போயிருமா? எல்லாம் ஒரே வெள்ளை. ஒண்ணுக்கொண்ணு அடையாளமே தெரியாது. கொஞ்ச நாளைக்குக் கண்ணு கூசும். அப்புறம் பழகிரும்.”

அவள் வாசலைப் பெருக்கினாள். பானைகளைக் கவிழ்த்தாள். கொல்லையைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். திரும்புகிற வழியில் மேலண்டைப் பக்கம் கண் போனது.

“அது என்னுங்க, எங்கப்பங்கொல்லைல கருக்கலா நிக்குது?”

“அதா? பந்தில மிஞ்சினது.”

“அதை அறுக்கலையா?”

“எழுதிக் குடுத்திருக்கறேன். அரிவா வெக்கமாட்டேன்னு.”

கண்ணாயி அவரைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்தாள். கட்டி வைத்திருந்த மூட்டையைப் பிரித்து உள்ளேயிருந்து அரிவாளை உருவினாள்.

“ஏ புள்ளே, எங்க போற? எழுதிக் குடுத்திருக்கறேன்னு சொல்றேன்.”

“நீங்க எழுதிக் குடுத்தீங்க. நானா எழுதிக் குடுத்தேன்?” நடந்துகொண்டே சொன்னாள். “நான் அந்த ஊட்ல பொறந்தவ. ஒரு முறத்துக்கு நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி இருவத்தாறு வருசமா ஒரு முறம் எடுத்ததில்லை, நம்ம கொல்லைலயே நெறைய இருந்துச்சுன்னு. இப்ப எடுக்கறேன். தேவராசு வந்து கேக்கட்டும்.”

அவர் வரப்போடு நின்றுவிட்டார். அவள் பலா மரத்தடியில் இறங்கி அறுத்தாள். குருவி நாற்பது ஐம்பது எழும்பி மரத்தில் உட்கார்ந்து கத்தியது. நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து அறுத்து முறத்தில் அடுக்கினாள். நிறைந்த பிறகும் மேலே மேலே வைத்துக் கும்பமாக்கினாள். இன்னொரு கதிர் வைத்தால் சரியும் என்கிற இடத்தில் நிறுத்தினாள். மிச்சம் கொஞ்சம் நின்றது. அதைத் தொடவில்லை.

வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்து, பாயில் போட்டு மிதித்துப் புடைத்தாள். ஒரு படி நிறைந்து, மேலே ஒரு கைப்பிடி இருந்தது. படியைத் தலைதட்டி அவர் கையில் கொடுத்தாள். அந்தக் கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“கோகிலாவுக்குக் காட்டறேன். மறந்துருப்பா.”

அண்ணாமலை படியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை வைத்து ஒரு கொல்லைக்குக் காணாது. இரண்டு மூன்று துண்டு தூவலாம். அதிலிருந்து அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம்.

“சரி, பஸ்ஸுக்கு நேரமாகுது. மூட்டையைத் தூக்கலாமா?” என்றார்.

“எதுக்கு?”

“வாரேன்னு சொன்னேனே.”

“விதை வந்துருச்சுல்ல?” கண்ணாயி முறத்தைச் சுவரில் பழையபடி மாட்டினாள். முதுகுதான் தெரிந்தது. “வந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கறேன். வாக்குன்னா உங்களுக்கு மட்டுந்தானா?”

“அப்புறம் எதுக்கு அறுத்தே?”

அவள் கால் பெருவிரலால் வாசலில் சிந்திய மணிகளை ஒன்று சேர்த்தாள்.

“தெரியலீங்க. உங்களைக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்தேன். எங்கப்பங்கொல்லைல பயிர் நின்னுச்சு. கை போயிருச்சு.”

மூன்று மைலும் காலியான ஒயர் கூடையை அவர் சுமந்து வந்தார். சோளக்காட்டில் பஸ் நின்றிருந்தது. அவள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, முந்தானை முடிச்சை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “முட்டையை வெச்சு வெச்சுத் திங்காதீங்க, கெட்டுரும்” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மேலண்டையைக் கடக்கையில் பலா மரத்தடியில் காடை கூப்பிட்டது. இன்னொன்று பதிலுக்குக் கூப்பிட்டது. இரண்டு. கண்ணாயியிடம் சொல்ல அவர் பக்கத்தில் திரும்பினார். பிறகு நேராகப் பார்த்து நடந்தார்.

வீட்டில் மூட்டைகள் கட்டியபடி கிடந்தன. அதில் ஒன்றைப் பிரித்துச் சட்டி எடுத்து உலை வைத்தார். உலை கொதிப்பதற்குள் ஒரு கார்டை எடுத்து, மேலே எண் போட்டு எழுதினார்:

“அன்புள்ள மைத்துனர் தேவராஜுக்கு. உங்கள் கொல்லையில் உங்கள் அக்காள் இன்று ஒரு முறம் கதிர் எடுத்தாள். பொறந்தவள் பங்கு. நான் அரிவாள் வைக்கவில்லை. மீதியைக் குருவிக்கு விட்டிருக்கிறது. மேற்படி கொல்லையில் காடை இரண்டு இருக்கின்றன. தகவலுக்காக எழுதுகிறேன். சுப்பண்ணன் விலாசம் யாருக்காவது தெரியுமா என்று விசாரிக்கவும்.”

பதில் போடவும் என்று வழக்கமாக எழுதுகிற இடம் பாக்கி இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அங்கே, “சித்திரையில் மறுபடி கேட்கிறேன்” என்று எழுதினார்.

அடுத்த சந்தை நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதுவரை கார்டு விதைப் படியின் மேல் மூடி மாதிரி கிடந்தது.